செத்தவர் முன்சீட்டில் வந்தார்

எழுத்தில் நான் பதினோரு அப்பாக்களைக் கொன்றிருக்கிறேன். போலீஸ் வராது, பயப்பட வேண்டாம். செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ரேஷன் கார்டு திருத்தம், பட்டா மாற்றம் என்று போர்டு மாட்டி ஒரு கடை வைத்திருக்கிறேன். கொலைகள் எல்லாம் அங்கேதான் நடந்தன. போர்டில் அதைப் போடவில்லை.

அரசாங்க விண்ணப்பத்தில் யாரையும் அப்படிச் சாகடிக்க முடியாது. இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அறக்கட்டளைக்காரர்கள் சான்றிதழ் கேட்க மாட்டார்கள், கதை கேட்பார்கள். 'உங்களைப் பற்றி ஐந்நூறு வார்த்தைகளுக்கு மிகாமல் எழுதவும்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் போய் அப்பா கடலை போட்டிருக்கிறார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார், இருவரும் நலம் என்று எழுதினால் எவன் உதவி செய்வான்? நலமாக இருக்கிறவனுக்கு உதவி எதற்கு என்று கேட்பான். அதனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அப்பாவை எடுத்துவிடுவோம். அம்மாவைத் தொடுவதில்லை, அது பாவம். சிலரிடம் சொல்லிவிட்டுச் செய்வேன், சிலரிடம் சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் இருப்பதை யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள்?

இந்தத் திறமையால் நான் ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்தேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

சென்னையில் பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. புதுக் கார் வைத்திருப்பவன் பணக்காரன். வீட்டில் மூன்று புதுக் கார்களை வெயிலில் நிறுத்திவிட்டு, வருடத்துக்கு ஒருநாள் மட்டும் ஓடுகிற பழைய காருக்கு ஏ.சி. போட்ட ஷெட் கட்டியிருப்பவன் இந்தச் சங்கத்தின் உறுப்பினர். அவர்களுக்கும் மனம் என்று ஒன்று இருக்கும் அல்லவா? அதற்காக ஓர் அறக்கட்டளை வைத்திருந்தார்கள். மோட்டார் வாகன வரலாற்றைக் காப்பாற்றுவது, பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் வேலையைப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுப்பது, இரண்டும் அதன் நோக்கம். ஓராண்டுப் படிப்பு. தங்குமிடம், சாப்பாடு, கருவிகள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. படித்து முடித்தால் சங்கத்தின் சொந்தப் பட்டறையிலேயே வேலை. அந்த வருடம் கிராமப்புறத்துக்கு என்று ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

அந்த இடத்துக்கு விண்ணப்பிக்க என் கடைக்கு ஒரு பெண் வந்தாள். பக்கத்துக் கிராமமான சிங்கவரத்துக்காரி. ஐ.டி.ஐ. முடித்தவள். அவளுடைய அப்பா திண்டிவனம் சாலையில் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தார். வண்டிகளில் விழுந்த ஒடுக்கை அடித்து நிமிர்த்துகிற வேலை. இவளும் பத்தாவது படிக்கும்போதிலிருந்து கூடவே சுத்தி பிடித்தவள். என் ஸ்கூட்டரின் முன்பக்கத்தை ஒருமுறை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள், எங்கே அடி பட்டது என்று எனக்கே பிறகு தெரியவில்லை. ஆனால் பட்டறையில் ஓர் ஆளுக்குத்தான் வேலை வந்தது. அந்த ஓர் ஆளும் ஆம்பளையாக இருக்க வேண்டும் என்று வண்டிக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். பெண் அடித்த மட்கார்டு வழியில் கழன்று விழுந்துவிடும் என்று பயமோ என்னவோ.

அவளுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று இந்தப் படிப்பு. கிடைக்காவிட்டால் செய்யாறு பக்கத்துச் செருப்புக் கம்பெனியின் வேன். அது விடியற்காலை ஐந்து மணிக்கு வரும். அதில் ஏறிய பெண்கள் யாரும் திரும்ப வேறு வேலைக்குப் போனதாக எனக்கு நினைவில்லை.

விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் வந்தது. பழைய வாகனங்கள் மீது உங்களுக்கு ஏன் ஆர்வம்?

"இன்னாம்மா எழுத?" என்றேன்.

"பழைய வண்டித் தகரம் கெட்டிண்ணா. நசுங்கிச்சின்னா எங்கேருந்து நசுங்கிச்சின்னு கைய வெச்சித் தடவுனாலே தெரிஞ்சிடும். புது வண்டி அப்பளம். கழட்டிப் போட்டுட்டு வேற மாட்டிட்டுப் போயிடலாம். எனக்குப் பழசுதான் புடிக்குது."

"அவ்ளோதானா?"

"வேற இன்னாண்ணா இருக்குது?"

பாவம், விவரம் தெரியாத பெண் என்று நினைத்துக்கொண்டேன். அவள் சொன்னதைத் தூக்கி எறிந்துவிட்டு என் சரக்கை எடுத்து விட்டேன். அவளுடைய தந்தை ஒரு பழைய ஜமீன் காருக்கு உயிர் கொடுப்பதற்காகப் பகலிரவாக உழைக்கிறார். காரின் அடியில் படுத்திருக்கும்போது ஜாக்கி நழுவுகிறது. கடைசி மூச்சில் தன் சுத்தியை மகளின் கையில் வைத்து, 'மீதி வேலையை நீ முடி' என்கிறார். செஞ்சியில் ஏது ஜமீன் கார் என்று நீங்கள் கேட்கலாம். சங்கத்தில் யாரும் கேட்கவில்லை. எழுதி முடித்ததும் நானே அதை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அவ்வளவு நல்ல சாவை நான் அதற்கு முன்பு எழுதியதே இல்லை.

"படிச்சிப் பாக்கணுமாண்ணா?" என்றாள்.

"வேணாம்மா, சூப்பரா வந்திருக்குது. கையெழுத்துப் போடு."

போட்டாள். தொடர்புக்கு என் போன் நம்பரைக் கொடுத்தேன். அவள் அப்பாவுக்குப் போன் செய்தால் சுத்திச் சத்தத்தில் அவருக்குக் கேட்காது.

இரண்டு மாதம் கழித்துச் சங்கத்தின் செயலாளர் கூப்பிட்டார். அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். கட்டுரையைக் கூட்டத்தில் வாசித்தபோது உறுப்பினர்கள் கண் கலங்கினார்களாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். "அந்த மாமனிதர் வாழ்ந்து மறைந்த மண்ணுக்கே வந்து கொடுக்கப் போறோம்" என்றார். வருடா வருடம் அவர்கள் நடத்துகிற கார் ஊர்வலம் இந்த முறை செஞ்சிக் கோட்டைக்கு வருகிறதாம். மண்டபத்தில் விழாவாம். முதலில் மறைந்தவருக்கு அஞ்சலி செலுத்துவார்களாம். அதற்கு அவருடைய நல்ல புகைப்படம் ஒன்று வேண்டும் என்றார்.

இந்த இடத்தில் மூளை உள்ளவன் என்றால் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் கம்ப்யூட்டரில் தேடினேன். ரேஷன் கார்டு திருத்தத்துக்காக அவர் எடுத்துக் கொடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம் இருந்தது. ஃபிளாஷ் அடித்ததும் திடுக்கிட்டு முழித்துக்கொண்டிருந்தார். செத்தவருக்குப் பொருத்தமான முகம்தான். அனுப்பி வைத்தேன்.

ஒரு வாரத்தில் அழைப்பிதழ் வாட்ஸாப்பில் வந்தது. நடுவில் அவர் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே ஒரு பழைய கார். அது ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு அவளிடமும் போனது. கையில் துருவோடு பட்டறையிலிருந்து நேராக என் கடைக்கு வந்தாள்.

"எங்க நைனாவுக்கு எதுக்குண்ணா வெளக்கு வெச்சிக்கிறாங்க?"

சொன்னேன். சொல்லாமல் தப்பிக்க வழி இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவளின் முகம் மாறியது.

"மனுசன் காலைல ரெண்டு தோச தின்னுட்டு வேலைக்கிப் போயிருக்குது. அத்தப் போயி சாவடிச்சி வெச்சிக்கிறியே! போன் போடுண்ணா. இப்பவே உண்மையச் சொல்லு."

"சொன்னா எடம் போயிடும்மா. ஒரு நாள் விழா. முடிஞ்சிட்டா நீ சென்னைக்குப் போயிடப் போற. அப்புறம் யாரு வந்து பாக்கப் போறாங்க? எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது நினைவிருக்கிறது. அவள் பட்டறைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

சாயங்காலம் அவள் அப்பா வந்தார். சுத்தியோடு வருவார் என்று எதிர்பார்த்துக் கல்லாவுக்குப் பின்னால் நின்றேன். வெறும் கையோடு வந்து வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்தார். என் போனை வாங்கி அழைப்பிதழை வெகுநேரம் பார்த்தார்.

"படம் நல்லாதான் வந்திருக்குது" என்றார். பிறகு, "ஒரு நாளுதான தம்பி?"

"ஆமாண்ணே. ஒரே நாள்."

"சரி, செத்துட்டுப் போறேன் வுடு. புள்ள படிக்கட்டும்."

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விழா நாளில் வீட்டை விட்டு வெளியே வரவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மகள் அவரிடமும் என்னிடமும் ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் அவளும் சங்கத்துக்குப் போன் செய்யவில்லை. அந்த இடம் அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

ஊரைப் பற்றிக் கவலைப்பட்டேன். வீண் கவலை. செஞ்சிக்காரர்கள் பக்கத்து வீட்டுக்காரன் எல்லைக்கல்லை அரை அடி தள்ளி நட்டால் தாலுகா ஆபீஸ் வரை போவார்கள். ஆனால் ஒரு பெண்ணுக்குப் படிப்பு கிடைக்கிறது, அதற்கு அவள் அப்பா ஒரு நாள் செத்திருக்க வேண்டும் என்றதும் மொத்த ஊரும் துக்கத்துக்குத் தயாராகிவிட்டது. டீக்கடைக்காரர் என்னிடம், "அழுவணுமா, சும்மா மூஞ்சியத் தொங்கப் போட்டா போதுமா?" என்று கேட்டார். சும்மா தொங்கப் போட்டால் போதும் என்றேன்.

விழா நடந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினான்கு கார்கள் வந்தன. பித்தளை ஹாரன், துடைத்துத் துடைத்துப் பளபளத்த மூக்கு, உள்ளே தொப்பி போட்ட மனிதர்கள். இறங்கியதும் ஒருவர் காரை இன்னொருவர் குனிந்து பார்த்து, இந்த ஸ்க்ரூ ஒரிஜினலா, இந்தக் கைப்பிடி ஒரிஜினலா என்று விசாரித்துக்கொண்டார்கள். மனைவி பிள்ளைகளைக்கூட அப்படி யாரும் விசாரித்து நான் பார்த்ததில்லை. கோட்டைக்கு வந்தவர்கள் மலை மேல் ஒரு படிகூட ஏறவில்லை. காருக்குப் பின்னால் கோட்டை நன்றாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்து ஆயிரம் போட்டோ எடுத்தார்கள். பிறகு மண்டபத்துக்குக் கிளம்பினார்கள்.

மண்டபத்து மேடையில் நாலடி உயரத்துக்கு அவர் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். சந்தன மாலை போட்டிருந்தது. கீழே தட்டு நிறைய ரோஜா இதழ். அவள் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். படம் இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை.

பதின்மூன்று கார்கள் மண்டபத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. ஒரு பச்சைக் கார் மட்டும் வரவில்லை. அதன் சொந்தக்காரர் தலை நரைத்த ஓர் அம்மா, தானே ஓட்டுகிறவர். நெல் வயலோடு ஒரு போட்டோ வேண்டும் என்று சிங்கவரம் சாலைக்குள் போயிருக்கிறார். திருப்பும்போது பாலத்துச் சுவரில் மோதி மட்கார்டு நசுங்கி டயரில் ஒட்டிக்கொண்டதாம். செயலாளர் என்னிடம் ஓடிவந்து சொன்னார். டிங்கர் தேடி நான் அரை மணி நேரம் போன் போட்டுக்கொண்டிருந்தபோது அவருக்கு இன்னொரு போன் வந்தது.

"கவலை இல்லை. அந்தக் கிராமத்திலேயே யாரோ சுத்தியோட வந்து சரி பண்ணிட்டாராம்" என்றார்.

சிங்கவரத்தில் சுத்தியோடு வரக்கூடியவர் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

கால் மணி நேரத்தில் பச்சைக் கார் வந்து நின்றது. முன்சீட்டில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, செத்தவர் உட்கார்ந்திருந்தார்.

அந்த அம்மா இறங்கிவந்து சங்கத் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "பட்டி பூசி மறைக்கல, ஒரு கீறல் கிடையாது! அரை மணி நேரத்துல நிமிர்த்திட்டார். சென்னையில கொடுத்திருந்தா ரெண்டு மாசம் இழுத்திருப்பாங்க. யாருன்னு கேட்டா, இறந்துபோனவரோட சொந்தத் தம்பியாம்! கையோட கூட்டிட்டு வந்துட்டேன்."

நான் அவரை ஓரமாக இழுத்தேன். "வீட்டுலயே இருக்கேன்னு சொன்னீங்களேண்ணே?"

"வண்டி ரோட்டுல கெடக்குது தம்பி. அந்தம்மா அழுவுது. பாத்துட்டு எப்பிடி வூட்ல குந்திக்கினு இருக்கறது?" என்றார். பிறகு குரலை இறக்கி, "அந்த மட்கார்டு அந்த வண்டிது கிடையாது. வேற எதுலயோ கழட்டி மாட்டிக்கிறாங்க. நான் ஒண்ணும் சொல்லிக்கல" என்றார்.

தலைவர் மேடைப் படத்தையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன ஓர் உருவ ஒற்றுமை!" என்றார்.

"ரெட்டப் பொறப்பு சார்" என்றார் இவர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

டீக்கடைக்காரர் எழுந்துவந்து அவர் கையைப் பிடித்து, "உங்க அண்ணன் போனது ஊருக்கே நஷ்டம்பா" என்றார். "ம், நல்ல மனுசன்" என்று இவர் ஒப்புக்கொண்டார். பின்வரிசையில் இரண்டு பேர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார்கள். தொப்பிக்காரர்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

விழா தொடங்கியது. முதலில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஏழைப் பெண்ணுக்கு வழிகாட்டிய சமூக சேவகர் என்று தலைவர் அறிவித்தார். கை தட்டினார்கள். கூச்சமாக இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் மனம் குளிர்ந்துபோய் நின்றேன். பிறகு என் கட்டுரையை ஒருவர் தமிழில் வாசித்தார். ஜாக்கி நழுவிய இடத்தில் பச்சைக் கார் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். துண்டு கட்டியவர் தன் சாவை ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வாசித்து முடித்ததும் தம்பி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர் மைக்கைச் சுத்தி மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எங்க அண்ணன் வேலைல கெட்டி. ஆனா வாய் வராது" என்றார். "இந்தப் பொண்ணு அவன விட நல்லா அடிக்கும். அது அவனுக்கும் தெரியும். அவன் கை அடிச்சா தகரத்துல தடம் நிக்கும், பட்டி பூசணும். இது அடிச்சா தடமே தெரியாது. ஒரு நாள்கூட அவன் அத இதுங்கிட்ட சொன்னது கிடையாது. சொன்னா இதுக்குத் தலைகனம் வந்துடும்னு சும்மா இருந்துட்டான். சொல்லியிருக்கலாம். அவ்ளோதான் சார்."

ஊர்க்காரர்கள் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள். டீக்கடைக்காரர் இப்போது நிஜமாகவே முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார். நான் அவளைப் பார்த்தேன். அவள் தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். சேர்க்கைக் கடிதம் தலைவர் கையில் இருந்தது. வாங்குவதற்கு முன்னால் தந்தையின் படத்துக்கு மலர் தூவி ஆசி வாங்கிக்கொள்ளம்மா என்றார். அவள் தட்டிலிருந்து ஒரு கை பூவை அள்ளினாள். படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

தூவினால் முடிந்தது. ஒரு கை ரோஜா இதழ், அவ்வளவுதான். கடிதத்தை வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போயிருப்பாள். ஆனால் உயிரோடு பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிற அப்பனின் படத்துக்குப் பூப் போட எந்தப் பெண்ணுக்குக் கை வரும்? எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் யாருக்கும் வராது. எழுதும்போது நான் யோசிக்காதது இந்த ஒன்றைத்தான். பூவைத் திரும்பத் தட்டிலேயே போட்டாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மைக் பக்கம் வந்தாள்.

"எங்க நைனா சாவல சார். இவருதான் எங்க நைனா. தம்பியெல்லாம் யாரும் கிடையாது."

தலைவருக்கு விளங்க நேரம் பிடித்தது. விளங்கியதும் காகிதத்தை எடுத்துக் காட்டி மிக மரியாதையாகக் கேட்டார். "அப்போ இது? இதை எழுதினது யாரு?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "கையெழுத்து என்னுதுதான் சார்" என்றாள். அது பொய் இல்லை.

தலைவர் என்னைப் பார்த்தார். "நீங்கதானே தொடர்பில் இருந்தீங்க. இது பொய்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் கேட்டு முடித்ததிலிருந்து நான் வாயைத் திறந்தது வரை இரண்டு விநாடி இருக்கும். எழுதியவன் நான், அவளுக்குத் தெரியாமல் எழுதினேன் என்று சொல்ல அந்த இரண்டு விநாடி தாராளமாகப் போதும்.

"இல்ல சார். எனக்கும் இப்பத்தான் தெரியும்" என்றேன்.

பிறகு பல நாள் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். என் கடையில் விண்ணப்பித்த மற்றப் பிள்ளைகளின் உதவித்தொகைகளும் போய்விடும், கடையை மூட வேண்டியிருக்கும் என்றெல்லாம். அதெல்லாம் பின்னால் யோசித்தது. அந்த நிமிடம் என் தோளில் பொன்னாடை இருந்தது. அதோடு நின்றுகொண்டு உண்மையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொல்ல வெட்கமாக இல்லை.

அவள் அப்பா என்னைப் பார்த்தார். ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. அவர் சொல்லியிருக்கலாம், டீக்கடைக்காரராவது சொல்லியிருக்கலாம். யாரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்தவன் மானத்தை வெளியூர்க்காரன் முன்னால் வாங்கக்கூடாது என்று ஒரு நாகரிகம் எங்கள் ஊரில் உண்டு. அதற்குக் கொஞ்சமும் தகுதி இல்லாதவனுக்கு அன்று அது கிடைத்தது.

தலைவர் நல்ல மனிதர். கோபப்படவில்லை. உண்மைத்தன்மைதான் இந்தச் சங்கத்தின் உயிர், ஒரு போல்ட் ஒரிஜினல் இல்லையென்றாலும் நாங்கள் ஏற்பதில்லை என்றார். பச்சைக் கார் அம்மா ஏதோ சொல்ல எழுந்தார். "இந்தக் குடும்பத்துக் கைவேலையை நான் பார்த்தேன்" என்று ஆரம்பித்தார். விதி என்று ஒன்று இருக்கிறதே என்றார் தலைவர். அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். கடிதம் திரும்பக் கோப்புக்குள் போனது. ஒருவர்பின் ஒருவராகத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வேறு எதிலோ கழற்றி மாட்டிய மட்கார்டோடு பச்சைக் காரும் போனது.

ஊர்க்காரர்களும் கலைந்தார்கள். மண்டபத்தில் நாங்கள் மூவர் மிஞ்சினோம். நான் பொன்னாடையை நாற்காலியில் கழற்றி வைத்தேன். அவள் மேடையில் ஏறிப் படத்திலிருந்த மாலையைக் கழற்றினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் அப்பா படத்தின் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார்.

"தேக்கும்மா. பெருசா, நல்லா போட்டுக்கிறாங்க. எடுத்துக்கினு போலாம், பின்னால எனக்கு ஆவும்" என்றார்.

கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே சட்டம் வீணாகிறதே என்று சொன்னாரா, தெரியவில்லை. அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். மேடைப் படியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து துண்டை அவிழ்த்துக் கொடுத்தார்.

நான் கிட்டே போனேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எழுதுனது தப்புண்ணா, போவட்டும். நாங்களும் ஒத்துக்கினோம். கேட்டப்ப ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்குக் குடுத்திருப்பாங்க இல்ல?"

குடுத்திருப்பார்கள். எனக்கு அதில் அன்றும் சந்தேகம் இருந்ததில்லை, இன்றும் இல்லை.

அடுத்த வாரம் சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். எழுதியது நான், ஜாக்கியை நழுவ விட்டது நான், அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாமல் கையெழுத்து வாங்கியது நான், மேடையில் உங்கள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னதும் நான். யாரையும் கொல்லாமல் நான் எழுதிய முதல் கடிதம். அனுப்பிவிட்டு அவள் அப்பாவின் பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அவள் அதற்குள் வேனில் போக ஆரம்பித்திருந்தாள்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. என் நேர்மை அவர்களை நெகிழ வைத்ததாம். ஆனால் இடம் ஏற்கெனவே வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டதாம். அடுத்த வருடத்திலிருந்து கிராமப்புற இடம் இருக்காதாம். அதற்குக் கீழே இன்னொரு பத்தி இருந்தது. என் எழுத்து நடை மிகவும் உருக்கமாக இருப்பதால், சங்கத்தின் ஆண்டு மலருக்காக ஒவ்வொரு காருக்கும் ஒரு கதை எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு சிங்கவரம் போனேன். அவள் கம்பெனியிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். விரல் முழுக்கப் பசை ஒட்டியிருந்தது, போகவில்லை. கடிதத்தை வாங்கிக் கடைசி வரை படித்தாள். அன்று என் கடையில் படிக்காமல் கையெழுத்துப் போட்டவள், இன்று ஒரு வரி விடவில்லை.

"உனக்கு வேல குடுத்துக்கிறாங்க" என்றாள். "எனக்கு எடம் இல்லன்னுட்டாங்க."

"நான் எழுதித் தர மாட்டேம்மா" என்றேன்.

"அதுனால எனக்கு இன்னாண்ணா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கடிதத்தை என் கையில் கொடுத்தாள். காலையில் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மலருக்கு நான் எழுதவில்லை. அதைப் பெரிய தியாகம் என்று சில நாள் நினைத்துக்கொண்டும் இருந்தேன். வேன் தினமும் ஐந்து மணிக்கு வருகிறது. அவள் ஏறிப் போகிறாள்.